ஐயர் வீட்டுக் கணக்கு

பி.காம். படித்ததால் எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் கதையைக் கேட்டாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு என்று எழுதிப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தாலும் அப்படித்தான். (பற்றுப் பக்கம்தான் நீளமாக இருக்கும்!)

அப்படி ஒரு கணக்கு வேலூர் பக்கத்தில் என்னிடம் மாட்டியது. இன்று வரை டேலி ஆகவில்லை.

கணியம்பாடியில் நண்பன் வீட்டு கிரகப்பிரவேசம். வேலூரில் டவுன் பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமையிலும் நிற்க இடமில்லை. தொரப்பாடியில் ஒரு கூட்டம் இறங்கியதும் ஒரு ஸீட் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மடியில் ஜிப் வைத்த கறுப்புப் பை. கண்டக்டர் வந்து, "ஐயரே, சில்லறை குடுங்க" என்றார். நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். நெற்றி சுத்தமாக இருந்தது. பையின் ஜிப் வழியே எட்டிப் பார்த்தது பைபிள்!

சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் பாஸ்டரை 'ஐயர்' என்று கூப்பிடுவது பழைய வழக்கம். அவர் மனைவி 'ஐயரம்மா'. எனக்கு அன்றுதான் தெரியும். நம்மவர் ரிட்டயரான ஐயர்.

அந்த நேரம் பார்த்து என் மனைவியிடமிருந்து போன். பஸ்ஸில் போன் பேசினால் டிரைவர் வரைக்கும் கேட்கும் அல்லவா... எல்லோரும் கேட்டார்கள். விஷயம் இதுதான். மூன்றாவது படிக்கும் என் மகள், ஸ்கூல் டைரியில் என் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, இரண்டு மாதமாக! நான் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிற ஜாதி. காலையில் அவள் வேன் ஏறும்போது போர்வைக்குள் இருப்பேன். குழந்தை என்ன செய்யும்? இனிஷியல் வளைவு உள்பட அச்சு அசலாம்.

பெரியவர் சிரித்தார். "எம் மவனும் போட்டான் தம்பி. நான் ஊர் ஊரா ஜெபக் கூட்டம்னு சுத்திக்கிட்டிருந்த காலம்."

"மாட்டிக்கிட்டானா ஐயரே?"

"எங்க மாட்டினான்? ஒரு நாளு நானே போட்டு அனுப்பினேன். அன்னைக்குத்தான் வாத்தியாருக்குச் சந்தேகம் வந்துருச்சு!"

நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தேன்.

பஸ் பாகாயம் தாண்டும்போது மரங்களுக்குள் இருந்த சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியைக் காட்டி, "இதெல்லாம் ஒரு ஐயர் வீட்டுப் பொண்ணு செஞ்சது. அவங்க தாத்தாவும் ஐயர்தான். அந்தக் குடும்பக் கதை தெரியுமா உங்களுக்கு?" என்றார். ஐடா ஸ்கட்டர் என்ற பெயர் தெரியும். வேலூரில் அந்தப் பெயரில் ரோடே இருக்கிறது. அந்த ரோட்டில் ஆட்டோவுக்குப் பேரம் பேசியிருக்கிறேன். அதற்கு மேல் தெரியாது. "படிச்சுப் பாருங்க" என்றவர், கணியம்பாடியில் எனக்கு முன்னால் இறங்கி, தன் வீடு இருக்கும் தெருவைக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

படித்தேன்.

தாத்தாவின் பெயர் ஜான் ஸ்கட்டர். 1793ல் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் பிறந்தவர். போதகராக வேண்டும் என்று ஆசை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சரி என்று டாக்டருக்குப் படித்து நியூயார்க்கில் பிராக்டீஸ் ஆரம்பித்தார். நல்ல கைராசி, நல்ல வருமானம். ஹேரியட் என்ற பெண்ணுடன் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. 'ஸெட்டில்' ஆகிவிட்டார் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த நிலைமை.

ஒரு நாள் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் காத்திருந்தபோது மேஜை மேல் ஒரு சின்னப் புத்தகம். உலகத்தில் இன்னும் கிறிஸ்துவைக் கேள்விப்படாதவர்கள் அறுபது கோடிப் பேர், அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்கிற புத்தகம். நாமாக இருந்தால் புரட்டிவிட்டு, அடுத்த வாரப் பத்திரிகை இருக்கிறதா என்று தேடியிருப்போம். அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "போகலாமா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சரி என்றார்.

1819 ஜூன் 8ம் தேதி பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. அதே கப்பலில் வந்த இன்னொருவர் பெயர் வின்ஸ்லோ. ஆமாம், 1862ல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதியின் அதே வின்ஸ்லோ! ஒரே கப்பலில் நமக்கு ஒரு டிக்ஷனரியும் ஒரு ஆஸ்பத்திரியும் வந்து இறங்கியிருக்கின்றன. அப்போது யாருக்கும் அது தெரியாது.

நாலு மாதக் கடல் பயணம். கல்கத்தா வந்து சேர்ந்த சில நாட்களில் அந்தப் பெண் குழந்தை மரியா இறந்துபோனாள். இலங்கைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் குடியிருப்பு. 1820ல் அங்கேதான் அவருக்குப் போதகர் பட்டம் கொடுத்தார்கள். டாக்டராக வந்தவர் ஐயரானார். அங்கே இன்னும் இரண்டு கைக்குழந்தைகள் போயின. வந்து கொஞ்ச காலத்துக்குள் மூன்று சின்னச் சவப்பெட்டி!

நான் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு டீ குடித்தேன். இந்த மூன்றையும் எந்தத் தலைப்பில் எழுதுவது? வராக்கடன் என்றா?

பிறகு பிறந்தவர்கள் தங்கினார்கள். எட்டு மகன்கள், இரண்டு மகள்கள் வளர்ந்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் பிறந்த நாளையும் ஹேரியட் அம்மாள் ஜெபத்துக்கென்றே ஒதுக்கிவைப்பார் என்று சொல்வார்கள். கேக், பலூன் எல்லாம் நம் காலம்!

அப்பா என்ன செய்தார்? காலையில் நோயாளிகள், அப்புறம் பிரசங்கம், நடுவில் பள்ளிக்கூடங்கள். 1836ல் சென்னைக்கு மாறினார்கள். சிந்தாதிரிப்பேட்டை வாசம். அங்கிருந்து மாதக்கணக்கில் சுற்றுப்பயணம் போவார். ஊர் நடுவில் நின்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பேசுவார், துண்டுப் பிரசுரம் கொடுப்பார். உடம்பைப் பற்றி நினைக்கிற மனிதராகத் தெரியவில்லை. அவர் எழுதியவற்றில் நம் ஜனங்களின் சாமி கும்பிடுதல் பற்றிக் கடுமையான வார்த்தைகள் உண்டு. இன்றைக்குப் படித்தால் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்தபோது மட்டும் அவர் யார் நெற்றியையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இங்கேதான் என் கோடு போட்ட பேப்பர் கிழிந்தது.

அந்தக் காலத்து மிஷனரிகள் பையன்கள் கொஞ்சம் வளர்ந்ததும் படிக்க அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் போனபோது வயது சுமார் பத்து. கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும். பதில் வருவதற்குள் பையனின் பல் விழுந்து முளைத்திருக்கும். அப்பா குரல் எப்படியிருக்கும் என்பதே மறந்துபோகும் வயசு அது.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஸ்கட்டர் ஐயர் அந்தக் காலத்தில் பிரபலமானதே குழந்தைகளுக்கு எழுதிய கடிதங்களால்தான்! தன் பிள்ளைகளுக்கல்ல, அமெரிக்காவில் உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு. அவை புத்தகங்களாகவே வந்தன. 1842ல் உடம்பு சரியில்லாமல் அமெரிக்கா போனவர், நாலு வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும் குழந்தைகள் கூட்டங்களில்தான். ஊரில் உள்ள குழந்தைக்கெல்லாம் அவர் தாத்தா மாதிரி. சொந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவாக எத்தனை நாள் கிடைத்தார்? கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. போட்டால் என் கணக்கும் கூடவே வந்து நிற்கும்.

அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அப்பா மேல் கோபித்துக்கொண்டு அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. எட்டுப் பேரில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். மீதி ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். ஏழு பேருமே மிஷனரி வேலைக்கு! 1853ல் மூத்தவர்கள் மூன்று பேர், ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோஸப், சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஆற்காடு மிஷன். வேலூர், ஆரணி, சித்தூர் என்று ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1866ல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி தொடங்கியவர் ஸைலஸ், இன்னொரு தம்பி. ராதாகிருஷ்ணன் படித்த ஊரீசு கல்லூரி இருக்கிறதே, அதுவும் அந்த மிஷன் வளர்த்ததுதான்.

ஹேரியட் அம்மாள் 1849ல் சென்னையில் காலமானார். மகன்கள் சேர்ந்து உட்கார்ந்ததை அவர் பார்க்கவில்லை. ஐயர் பார்த்தார். உடம்பு தேற தென்னாப்பிரிக்கா போன இடத்தில் 1855 ஜனவரி 13ம் தேதி போய்ச் சேர்ந்தார். கடைசி மகன் இன்னொரு ஜான். 1861ல் அவர் இங்கே வந்து இறங்கியபோது வரவேற்க அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

நாலு தலைமுறையில் அந்தக் குடும்பத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலைக்கு வந்தார்கள் என்கிறார்கள். எல்லோருடைய வருஷங்களையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டுமாம்.

ஆஹா, வரவுப் பக்கம் நிரம்பிவிட்டது என்று பேனாவை மூடப் போனேன். அப்போதுதான் பேத்தி வந்தாள்.

இரண்டாவது ஜானுக்கு ஐந்து பையன்கள். ஆறாவதாக 1870 டிசம்பர் 9ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்த ஒரே பெண் ஐடா. தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியில் கிடந்த குழந்தைகளுக்கு அந்தச் சின்னப் பெண்ணும் ரொட்டி கொடுத்தாள். பிறகு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் எல்லோரும் அமெரிக்கா போனார்கள். அப்பா தேறினார். மறுபடி இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். கொஞ்ச காலத்தில் அம்மாவும் கிளம்பினாள். பதின்வயதுப் பெண் ஐடாவை சிகாகோவில் பெரியப்பா ஹென்றி மார்ட்டின் வீட்டில் விட்டுவிட்டார்கள். பத்து வயதில் கப்பலில் ஏற்றிவிடப்பட்ட அதே ஹென்றி மார்ட்டின் வீட்டில்!

அம்மா போன அன்று ராத்திரி அவள் படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அந்தப் பெண் அழுதாள் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். என்ன ஆனாலும் சரி, நான் மிஷனரியாக மாட்டேன் என்று முடிவும் செய்தாள். நியாயம்தானே? அப்பா ஊருக்கு நல்லவர். எனக்கு எங்கே அப்பா?

1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்ற கண்டிஷனோடுதான் திண்டிவனத்துக்கு வந்தாள். அங்கே ஒரு ராத்திரி நடந்ததை வேலூர்க்காரர்கள் நிறையப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கதவு தட்டும் சத்தம். ஒரு பிராமண வாலிபர். மனைவிக்குப் பிரசவ வலி, கஷ்டப்படுகிறாள், வாருங்கள் என்கிறார். 'எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்' என்கிறாள் ஐடா. அந்நிய ஆண் தொடுவதா? அவர் திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் மறுபடி கதவு. ஒரு முஸ்லிம். அதே பிரச்னை, அதே பதில். மூன்றாவது தடவையும் தட்டல். இன்னொரு இந்து. அவரும் அப்படியே திரும்பினார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

எல்லோரும் ஐடாவைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் நினைத்துக்கொண்டது அந்த வீட்டில் இருந்த அப்பாவை. இந்த வேலைக்காகத்தான் மகளைக்கூட விட்டுவிட்டு வந்தார். மூன்று தடவை கதவு தட்டப்பட்டது. கையில் படிப்பு இருக்கிறது, பெட்டியில் மருந்து இருக்கிறது, போக மனசும் இருக்கிறது. உபயோகமில்லை. அந்த ராத்திரி தேவைப்பட்டது அவர் மகளை. அவளுக்கோ ஒன்றும் தெரியாது.

மறுநாள் மகள் சொன்னாள், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று.

படித்து முடித்து 1900 ஜனவரியில் வேலூர் வந்தாள். அப்பாவிடம் கூடவே இருந்து தொழில் கற்றுக்கொள்ளலாம், சின்ன வயதில் கிடைக்காத அப்பாவை இப்போதாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள். ஆறு மாதம்கூட இல்லை. அதே வருஷம் மே மாதம் அப்பா இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பங்களாவிலேயே வைத்தியம். 1902ல் நாற்பது படுக்கையுடன் ஷெல் ஆஸ்பத்திரி. வாரத்தில் ஒரு நாள் மாட்டுவண்டியிலும் பிறகு மோட்டார் காரிலும் குடியாத்தம் ரோட்டோரமாக மரத்தடி வைத்தியம். 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1947லிருந்து ஆண்களுக்கும் இடம். ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960ல் கொடைக்கானலில் காலமானார். அவரைச் சிகாகோவில் விட்டுவிட்டுப் போனாரே அந்த அம்மா, ஸோஃபியா, அவர் கணவர் போன பிறகும் வேலூரிலேயே மகளோடு தங்கிவிட்டார். கால் நூற்றாண்டு, 1925 வரைக்கும். விட்டுப்போன வருஷங்களைத் திருப்பிக் கொடுத்த மாதிரி எனக்குப் பட்டது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கணியம்பாடி போனேன். கிரகப்பிரவேச போட்டோ பார்க்க என்று சாக்கு.

ஐயர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஜவ்வாது மலைத் தொடர் நீலமாகத் தெரிகிறது. அதன் அடிவாரத்தில்தான் அமிர்தி காடு. ஐயரம்மா காபி கொடுத்தார். தெருவில் ஒரு நர்ஸ் பெரிய ரிஜிஸ்தரைக் கட்டிக்கொண்டு நடந்து போனாள். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் யார் கர்ப்பம், யாருக்குப் பிரசவம், குழந்தை எப்படி இருக்கிறது என்று சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறை வீடு வீடாகப் போய் எழுதுவது பல பத்து வருஷமாக நடக்கிறது. 1980களிலேயே கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்களாம். திண்டிவனத்தில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். இங்கே இவர்கள் போய்த் தட்டுகிறார்கள்.

"படிச்சேன் ஐயரே" என்றேன். "ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியலை. பிள்ளைங்க திரும்பி வந்துட்டாங்க, அதனால அப்பா செஞ்சது சரின்னு எல்லாரும் எழுதறாங்க. வராம போயிருந்தா?"

ஐயர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எனக்கு ரெண்டு பசங்க தம்பி. பெரியவன் பேங்க்ல இருக்கான். வேதம் படிப்பான், கொயர்ல பாடுவான். சின்னவன் சர்ச் வாசப்படி மிதிக்கிறதில்ல. நான் மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாத்தலாகிப் போவேன். அவன் ஆறு ஸ்கூல் மாறினான். ஒரு நாள் கேட்டேன், ஏன்டா வரமாட்டேங்கறேன்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'ஊர்ல எல்லாப் பசங்களுக்கும் ஞாயித்துக்கிழமை அப்பா வீட்ல இருப்பாரு. எனக்கு அன்னைக்குத்தான் அப்பா இருக்கமாட்டாரு'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? சரிப்பான்னேன்." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இப்ப ரிட்டயராயிட்டேன் இல்லையா... ஞாயித்துக்கிழமை பத்து மணி ஆராதனையை விட்டுட்டேன். காலையில ஆறரைக்கே முடிச்சுட்டு, அவன் வீட்டுக்கு பஸ் ஏறிடறேன். நீங்க அன்னைக்குப் பார்த்தீங்களே, அங்கிருந்துதான் வந்தேன். போனா ரெண்டு பேரும் ஒண்ணும் பெரிசா பேசிக்கமாட்டோம். கிரிக்கெட் ஓடும். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. பார்ப்பேன்."

ஐயரம்மா உள்ளேயிருந்து, "நாப்பது வருஷத்துல என்னைக்காவது எனக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை குடுத்தாரான்னு கேளுங்க தம்பி!" என்று குரல் கொடுத்தார். ஐயர் காது கேட்காத மாதிரி மலையைப் பார்த்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு வீட்டுக்கு போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"டைரியை எடுத்து வைம்மா. ஒன்பது மணிக்குள்ள வந்துடுவேன். இன்னைக்கு அப்பாவே கையெழுத்துப் போடறேன்."

"வேணாம்ப்பா" என்றாள். "நீங்க போட்டா மிஸ் கண்டுபிடிச்சுடுவாங்க."